சுகர் கேக்குறாங்க, பிரஷர் கேக்குறாங்க... ‘அதை’ மட்டும் ஏன் கேக்கறதில்ல? ஆண்களின் ஹெல்த் செக்கப்பில் விடுபட்ட ஒரு கேள்வி

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போய், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் உள்ளே திரும்பினால் கீழக்குயில்குடி. சமணர் மலை, அடிவாரத்தில் தாமரைக்குளம், கருப்பசாமி கோயில், பெரிய ஆலமரங்கள். விடியற்காலையில் நடக்க இதைவிட நல்ல இடம் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பது கஷ்டம்.

அப்படி நடந்து முடித்து மரத்தடியில் உட்காரும் ஆண்களின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? “எனக்கு வெறும் வயித்துல 140ப்பா.” “பிரஷர் மாத்திரையை மாத்திட்டாரு டாக்டரு.” “கொழுப்பு கூடியிருக்காம், வீட்ல முட்டையை நிப்பாட்டிட்டாக.” சுகர் நம்பரை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சத்தமாகச் சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. மூலம், மலச்சிக்கல் வரைக்கும்கூடப் பேச்சு போகும்.

ஒன்றே ஒன்று மட்டும் அந்த மரத்தடிக்கு வராது. விறைப்பு சரியாக வருவதில்லை என்று யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். சுகரும் பிரஷரும் கொழுப்பும் உள்ள ஆண்களிடம் இது ரொம்ப சாதாரணமான பிரச்னை. மரத்தடியில் வராதது பெரிய விஷயமில்லை. செக்கப்புக்குப் போகும் இடத்திலும் வருவதில்லை. நாம் பேசப்போவது அதைத்தான்.

ஃபாரத்தில் இல்லாத கட்டம்

மத்திய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில், 30 வயது தாண்டியவர்களிடம் கேட்பதற்காக ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. வயது என்ன, புகையிலை பழக்கம் உண்டா, தினமும் குடிப்பீர்களா, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி உண்டா, வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர், இதய நோய் இருக்கிறதா என்று கேட்டு மார்க் போடுவார்கள். அடுத்த பகுதியில் மூச்சு வாங்குதா, ரெண்டு வாரத்துக்கு மேல் இருமலா என்று அறிகுறிகள் வரும்.

அதில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. மார்பில் கட்டி இருக்கிறதா, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு உண்டா, தாம்பத்ய உறவுக்குப் பிறகு ரத்தம் கசிகிறதா என்றுகூடக் கேட்கிறார்கள். புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க அந்தக் கேள்விகள் அவசியம். கூச்சத்தைத் தாண்டி அதைச் சேர்த்தவர்களுக்கு ஒரு சல்யூட்.

‘ஆண்களுக்கு மட்டும்’ என்று ஒரு பகுதி? அதுதான் இல்லை.

தனியார் மருத்துவமனைகளின் மாஸ்டர் செக்கப் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், வயிற்று ஸ்கேன், 50 தாண்டினால் புராஸ்டேட்டுக்கு பிஎஸ்ஏ. ஆயிரக்கணக்கில் கட்டி, காலையில் இருந்து பட்டினி கிடந்து எல்லாம் செய்கிறோம். பத்து பைசா செலவில்லாத அந்த ஒரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இது படுக்கையறை சமாச்சாரம் மட்டும்தானா?

“அதையெல்லாம் எதுக்கு செக்கப்ல கேக்கணும்? அது அவங்கவங்க பெர்சனல்” என்று நீங்கள் நினைக்கலாம். விஷயம் ரத்தக்குழாயில் இருக்கிறது. கொஞ்சம் பிளம்பிங் படிப்போம்.

மூளையில் இருந்தோ தொடுதலில் இருந்தோ தூண்டல் வந்ததும், ஆணுறுப்பின் நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள் உறையும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது பட்டதும் குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, குழாய் அகலமாகிறது, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவில் ரத்தம் நிரம்புகிறது. நிரம்பிய திசு, ரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடிவிடுகிறது. அவ்வளவுதான் விறைப்பு. இந்த நைட்ரிக் ஆக்ஸைடு நம் ரத்தக்குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே வருஷம்தான். அந்த மாத்திரையே முதலில் நெஞ்சுவலிக்காக சோதிக்கப்பட்டது என்பது தனிக்கதை.

இப்போது குழாயின் அளவைப் பாருங்கள். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கு ரத்தம் தரும் கொரோனரி தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி 5 முதல் 7. சுகர், பிரஷர், சிகரெட், கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்து குழாயின் உள்சுவரைக் கெடுக்கும்போது, உடம்பு முழுக்கத்தான் கெடுக்கின்றன. ஆனால் வீட்டில் எந்த பைப் முதலில் அடைக்கும்? மெல்லிசானதுதான். பெரிய பைப்பில் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கும். அதனால் நமக்குத் தெரியாது.

இத்தாலியின் மிலானில் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு. நெஞ்சுவலியோடு வந்து, ஆஞ்சியோவில் இதயக்குழாய் அடைப்பு உறுதியான 300 ஆண்களிடம் விசாரித்தார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது இதய அறிகுறிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சராசரி இடைவெளி சுமார் 39 மாதங்கள். மூன்று வருஷத்துக்கும் மேல்! அந்த மூன்று வருஷத்தில் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், சிகரெட்டை விடலாம், கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாம். கேட்டிருந்தால்.

இளம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு இன்னொன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் கவுன்டி என்ற இடத்தில் 1,402 ஆண்களை 1996 முதல் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் விறைப்புக் குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதய நோய் வரும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 40 முதல் 49 வயதில்? குறைபாடு இல்லாதவர்களிடம் 1,000 பேருக்கு வருஷத்துக்கு ஒருவர் என்ற கணக்கு. இருப்பவர்களிடம் 48 பேருக்கு மேல். அந்த வயதில் குறைபாடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான், அதனால் ‘50 மடங்கு’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு. வயசானவருக்கு வந்தால் அது வயசின் சாயலாகவும் இருக்கலாம். 40-களில் வந்தால் உடம்பு எதையோ சொல்லப் பார்க்கிறது.

நம்மூர் கணக்கு இதை இன்னும் அவசரமாக்குகிறது. உலக அளவிலான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் ஹார்ட் அட்டாக் வரும் நடு வயது தெற்காசியர்களுக்கு 53. மற்ற நாட்டவர்களுக்கு கிட்டத்தட்ட 59. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது. மரத்தடியில் சுகர் நம்பர் சொன்னவர்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

‘நரம்புத் தளர்ச்சி’ என்ற தப்பான பெயர்

தமிழில் இந்தப் பிரச்னைக்குப் புழக்கத்தில் இருக்கும் பெயர்களே பாதி குழப்பத்துக்குக் காரணம். ‘ஆண்மைக்குறைவு’ என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் விறைப்புக் குறைபாடு, விந்து முந்துதல், குழந்தையின்மை எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிட்டோம். மூன்றும் வேறு வேறு பிரச்னைகள், வேறு வேறு வைத்தியம். போதாததற்கு அந்த வார்த்தை, ஒரு ரத்தக்குழாய்க் கோளாறை ஒருவரின் மொத்த கௌரவத்தின் மீதான தீர்ப்பாக மாற்றிவிடுகிறது. அப்புறம் எப்படி வாயைத் திறப்பார்?

இன்னொரு பெயர் ‘நரம்புத் தளர்ச்சி’. சுவர் விளம்பரங்கள் தந்த கொடை. டாக்டரிடம் வரும் ஆண்கள் “ஒடம்புல தெம்பே இல்ல சார்”, “வீக்னெஸ்ஸா இருக்கு”, “நரம்புத் தளர்ச்சி மாதிரி தெரியுது” என்று சுற்றி வளைத்துச் சொல்வது வழக்கம். பிஸியான ஓ.பி-யில் அதற்கு ஒரு பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது நடக்கக்கூடியதுதான். சுகர் நாள்பட்டால் நரம்பும் கெடும், அது உண்மை. ஆனால் 40 தாண்டியவர்களில் அதிகம் காணப்படும் காரணம் ரத்தக்குழாய். பெயர் நரம்பைக் காட்டுகிறது, கோளாறு குழாயில் இருக்கிறது.

ஒரு நாள், இரண்டு நாள் சரியாக வராமல் போவது நோயே கிடையாது. தூக்கமில்லாத நைட் ஷிப்ட், பாஸிடம் வாங்கிய திட்டு, டாஸ்மாக் சரக்கு, எதுவும் காரணமாக இருக்கலாம். திருப்தியான உறவுக்குத் தேவையான விறைப்பு வராமலோ, வந்தும் நிற்காமலோ, குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்தால்தான் அதைக் குறைபாடு என்று கணக்கில் எடுப்பார்கள்.

நீங்கள் இருபதுகளில் இருந்தால் உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலையில் தூங்கி எழும்போது வழக்கம்போல் விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது பிரச்னை இல்லையா? துணையோடு இருக்கும்போது மட்டும்தான் சொதப்புகிறதா? அப்படியென்றால் குழாய் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. பயமும் பதற்றமும்தான் வேலையைக் கெடுக்கின்றன. கல்யாணமான புதிதில் வரும் பிரச்னைகளில் பெரும்பகுதி இந்த ரகம். ஒருமுறை சொதப்பியதும், ‘இன்னிக்கும் அப்படி ஆகிடுமோ’ என்ற நினைப்பே அடுத்த முறையைக் கெடுத்துவிடும். இதற்கு ஆஞ்சியோ வேண்டாம், நல்ல கவுன்சலிங் போதும். காலை விறைப்பும் சேர்ந்து காணாமல் போகிறது, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைந்துகொண்டே வருகிறது என்றால்தான் உடம்பைப் பார்க்க வேண்டும்.

மாத்திரைகளும் காரணமாகலாம். பிரஷருக்குக் கொடுக்கும் சில பழைய பீட்டா பிளாக்கர்கள், தயாசைடு வகை நீர் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடு ஆகியவை இந்தப் பட்டியலில் உண்டு. இதைப் படித்துவிட்டு பிரஷர் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ். சொல்லாமல் மாத்திரையை நிறுத்தி, பிரஷர் எகிறி, பக்கவாதத்தில் போய் முடிவதுதான் இதில் இருக்கும் பெரிய ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் மாற்று மாத்திரை தருவார். அவ்வளவு சுலபமான விஷயம் இது.

வெளியூரில் கேட்கிறார்கள்

இங்கிலாந்தில் அடுத்த பத்து வருஷத்தில் ஒருவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கணக்கிட க்யூரிஸ்க்3 என்று ஒரு கணக்கீடு வைத்திருக்கிறார்கள். 2017-ல் வந்தது. அதில் வயது, சிகரெட், சுகர், பிரஷர் வரிசையில் ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடும் ஒரு கட்டம். டிக் அடித்தால் ரிஸ்க் சதவிகிதம் கூடும். அங்கே டைப் 2 சர்க்கரை நோய் உள்ள ஆண்களிடம் வருஷாந்தர பரிசோதனையில் இதைப் பற்றிப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. அமெரிக்க சர்க்கரை நோய் சங்கமும் சர்க்கரை உள்ள ஆண்களிடம், சர்க்கரை வரும் நிலையில் இருப்பவர்களிடமும், இதைக் கேட்கச் சொல்கிறது.

இதய நிபுணர்களும் பாலியல் மருத்துவ நிபுணர்களும் சேர்ந்து கூடும் பிரின்ஸ்டன் மாநாடு என்று ஒன்று உண்டு. அதன் மூன்றாவது அறிக்கை 2012-ல் வெளியானது. இதய அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், விறைப்புக் குறைபாடோடு வரும் ஆணை இதய ஆபத்து கூடுதலாக உள்ளவராகவே முதலில் எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு.

“மாமா, கையை நீட்டுங்க”

இங்கே ஏன் கேட்கவில்லை என்பதற்குக் கூச்சம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால், நம் ஊரின் அமைப்பே காரணமாக இருப்பது தெரியும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வருபவர் யார்? மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து வந்த தன்னார்வலர், பெரும்பாலும் அதே பகுதிப் பெண். கீழக்குயில்குடி மாதிரி ஊரில் அவருக்கு அந்தத் தெருவே சொந்தம். ஒருவர் அண்ணன், ஒருவர் மாமா, ஒருவர் சித்தப்பா. “மாமா, கையை நீட்டுங்க, பிரஷர் பாக்கணும்” என்று உரிமையோடு சொல்வார். அந்த உரிமைதான் திட்டத்தின் பலம். அதே வாசலில், மாமியாரும் மருமகளும் நிற்கும்போது, அவர் மாமாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா? கேட்டால்தான் மாமா பதில் சொல்வாரா? மறுநாள் அவர் வாசலுக்கே வர மாட்டார்.

ஆஸ்பத்திரியில்? 50 வயது அப்பா தனியாக வர மாட்டார். கூடவே மனைவி, இல்லாவிட்டால் மகன், மகள். டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள். பின்னால் அடுத்த நோயாளி கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்ப்பார். “வேற ஏதும் பிரச்னை உண்டா?” என்று டாக்டர் பொதுவாகக் கேட்பார். “இல்லீங்க” என்பார் அப்பா. முடிந்தது.

அதனால் வாசலில் கேட்கச் சொல்லி யாரும் வாதாட வேண்டியதில்லை. வாயால் கேட்பதே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. காகிதம் கேட்கட்டும். இதற்கென்றே ஐஐஇஎஃப்-5 என்று ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1999 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தை வைத்து பதில் சொல்ல வேண்டும். விறைப்பு வரும், நிற்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு? தூண்டல் இருக்கும்போது உறவுக்குப் போதுமான அளவு எத்தனை முறை வந்தது? உறவின்போது எத்தனை முறை நீடித்தது? கடைசிவரை தக்கவைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது? எத்தனை முறை திருப்தியாக முடிந்தது? ஒவ்வொன்றுக்கும் 5 மார்க் வரை. மொத்தம் 22-க்கு மேல் என்றால் பிரச்னை இல்லை. 17 முதல் 21 லேசான குறைபாடு. 11-க்குக் கீழே போனால் மிதமானதில் இருந்து கடுமையானது வரை. ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட பின் இரண்டாவது சேம்பிளுக்காக உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நேரத்தில் இரண்டே நிமிஷத்தில் நிரப்பி மடித்து டாக்டர் பெட்டியில் போட்டுவிடலாம். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படிவம் தாம்பத்ய உறவில் இருப்பவர்களுக்கானது. துணை இல்லாதவர், மனைவி வெளியூரில் இருப்பவர் போட்டுப் பார்த்தால் மார்க் சும்மாவே குறைவாக வரும். நெட்டில் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படிவம் வரும்வரை நீங்களே ஆரம்பியுங்கள்

அப்படி ஒரு படிவம் நம்மூர் செக்கப்பில் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். வாக்கியத்தை முதலிலேயே மனசுக்குள் தயார் செய்துகொண்டு போங்கள். “டாக்டர், ஆறு மாசமா விறைப்பு சரியா வர்றதில்ல. காலைலயும் குறைஞ்சிருக்கு.” இவ்வளவு போதும். ‘வீக்னெஸ்’, ‘தெம்பு இல்ல’ எல்லாம் வேண்டாம். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் சீட்டில் எழுதி நீட்டுங்கள், இல்லை போனில் டைப் செய்து காட்டுங்கள். கூட வந்தவரை ஒரு நிமிஷம் வெளியே இருக்கச் சொல்லக் கேட்பதும் உங்கள் உரிமைதான்.

சொன்ன பிறகு டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. எப்போது தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா என்று கேட்பார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சிகரெட், ஹான்ஸ், மது பழக்கம் உண்டா, குறட்டை உண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றும் கேட்பார். பிரஷர், இடுப்பளவு பார்ப்பார். ரத்தத்தில் சுகர், மூன்று மாத சராசரிக்கான ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், காலை நேரத்தில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன். இந்த ஹார்மோன் மதியத்துக்குள் இறங்கிவிடும், அதனால் சாயங்காலம் எடுத்தால் கணக்கு தப்பும். ஒருமுறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலை மறுபடி எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். இதய ரிஸ்க் கூடுதலாகத் தெரிந்தால் டிரெட்மில் மாதிரி அடுத்த கட்டம். ஆணுறுப்புக்கு டாப்ளர் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. போன உடனே அதற்கு எழுதிக் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதற்குப் பெரிய செலவுகூட இல்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியில், சிறுநீரகவியல் பிரிவும் இதயப் பிரிவும் இருக்கின்றன. சுகர், பிரஷர் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அங்கே இருந்து தொடங்கினால் போதும்.

பர்ஸில் ஒளிந்திருக்கும் மாத்திரை

கேள்வி கேட்கப்படாததால் வரும் நஷ்டம் இன்னொன்று இருக்கிறது. அது இந்த ராத்திரியே உயிரை எடுக்கக்கூடியது.

யாரிடமும் சொல்லாத ஆண் என்ன செய்கிறார்? தெரிந்த மெடிக்கலில், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சில்டெனாஃபில் அல்லது தடலாஃபில் மாத்திரை வாங்குகிறார். சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. முறையாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பான மருந்துதான். சிக்கல் எங்கே? அதே ஆளுக்கு ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது. வீட்டில் அம்மாவுக்காக வைத்திருக்கும் சார்பிட்ரேட்டை எடுத்து நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு மருந்தும் ஒரே பாதையில் ரத்தக்குழாயை விரிப்பவை. சேர்ந்தால் பிரஷர் தடாலென்று விழுந்துவிடும். சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள், தடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மருந்து எதுவும் கூடாது.

எனவே உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ நெஞ்சுவலி என்று 108-ஐக் கூப்பிட்டால், வந்தவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். “ராத்திரி அந்த மாத்திரை போட்டிருக்கேன்” என்ற ஒரு வரி. மானம் போகாது, உயிர் நிற்கும். மனைவிமார்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர் பேசும் நிலையில் இல்லாமல் இருக்கலாம். ஏற்கெனவே இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை தினமும் சாப்பிடுபவர் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது.

‘முற்றிலும் மூலிகை, பக்க விளைவே இல்லை’ என்று வரும் லேகியம், கேப்ஸ்யூல்களிலும் இதே வில்லங்கம் உண்டு. இயற்கை என்று விற்ற பொருள்களில் சில்டெனாஃபிலைக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. லேபிளில் இல்லாததால் டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு நாள் முகாமிடும் வைத்தியர் கொடுக்கும் பொட்டலமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. எழுபது வருஷமாகச் சட்டமும் இருக்கிறது, சுவர் விளம்பரமும் இருக்கிறது.

எல்லா ஆண்களிடமும் கேட்கலாமா?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. எல்லோரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டதால் மாரடைப்பு மரணம் குறைந்தது என்று நேரடியாக நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் 25 வயதுப் பையனிடம் கேட்டால், இல்லாத நோயை அவன் மனசில் விதைத்தது போலாகலாம். விந்து வீணாவதால் உடம்பு போய்விடும் என்ற பயம் நம்மூரில் பரவலாக இருக்கிறது, அதை நம்பிப் பிழைக்கும் கும்பலும் இருக்கிறது. சில மருத்துவமனைகள் ‘ஆண்கள் ஸ்பெஷல் பேக்கேஜ்’ என்று இன்னொரு பில் போட வழியும் கிடைத்துவிடும்.

அதனால் எனக்குச் சரியாகப் படுவது இதுதான். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் இருப்பவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டியவர்களிடம் கட்டாயம் கேட்கலாம். 40 தாண்டிய மற்றவர்களிடம் படிவத்தில் ஒரு வரியாக வைக்கலாம், விருப்பம் இருந்தால் நிரப்பட்டும். இருபதுகளில் இருப்பவர்களிடம் போய்க் கேட்க வேண்டாம், அவர்களாக வந்து சொன்னால் காது கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

டாக்டர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ என்று டிவியில் இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கப் பேசியபோது, குடும்பத்தோடு பார்க்க முடியாமல் சேனலை மாற்றிய தலைமுறைதான் இன்று 50, 60 வயதில் சுகர் மாத்திரை சாப்பிடும் அப்பாக்கள். அவர்களிடம் மகனோ மகளோ நேரடியாக இதைப் பேச முடியாது, தேவையும் இல்லை. அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, “நீங்க உள்ள போயி டாக்டர்ட்ட பேசிட்டு வாங்கப்பா, நான் மாத்திரை வாங்குற வரிசைல நிக்கிறேன்” என்று சொல்லி வெளியே இருந்துவிடுங்கள். முன்கூட்டியே டாக்டரிடம், “அவர்ட்ட எல்லாத்தையும் கேட்டுருங்க சார்” என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

மரத்தடிக்கே திரும்புவோம். அங்கே நடப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான மருந்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியில் உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் உள்ள 110 ஆண்களை இரண்டாகப் பிரித்து, 55 பேருக்கு எடை குறைக்கவும் உடற்பயிற்சிக்கும் முறையான வழிகாட்டல் கொடுத்தார்கள். மற்ற 55 பேருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 17 பேர் இயல்பு நிலைக்கு வந்திருந்தார்கள். இரண்டாவதில் 3 பேர். 2004-ல் வெளியான ஆய்வு இது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பின்னாளைய ஒரு கட்டுரை, மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு ஒரு தடவைக்கு 40 நிமிஷம், வாரத்துக்கு நான்கு தடவை, ஆறு மாதம் என்று அளவே சொல்கிறது. குளத்தைச் சுற்றி அரட்டை அடித்துக்கொண்டே நடந்தால் அந்தக் கணக்கில் வராது. வேகமாக நடங்கள், முடித்த பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம். நெஞ்சு இறுக்கினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் மட்டும் அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.